ஸ்ட்ராப்போடு 160 கிலோ, கயிற்றில் பாதி உயரம்: தருமபுரி இளைஞர் ஒருவரின் மணிக்கட்டு

அவருக்கு வயது 24. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். விடியற்காலையில் தக்காளி மண்டியில் லோடு ஏற்றும் வேலை, மாலையில் தருமபுரியில் ஜிம், நடுவில் காவலர் தேர்வுக்குப் படிப்பு. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் வலியைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். இவர் பயத்தைச் சொல்லி ஆரம்பித்தார். "சார், ஜிம்ல 160 கிலோ டெட்லிஃப்ட் போடுறேன். கிரவுண்டுல ரோப்பு ஏறினா பாதியிலயே கை விட்டுடுது. நரம்பு ஏதாச்சும் போயிடுச்சா சார்?"

டெட்லிஃப்ட் என்பது தரையில் கிடக்கும் பளு மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது ராடை, நிமிர்ந்து நின்று தூக்குவது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர் ஓட்டத்தோடு கயிறு ஏறுதலும் உண்டு. 5 மீட்டர் ஒரு நிலை, 6 மீட்டர் அதற்கு அடுத்த நிலை. இவர் மூன்று மீட்டர் தாண்டவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கயிறுதான் மாதச் சம்பளத்துக்கு வழி. அதனால் அவருடைய பயத்தைப் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விசாரித்ததில் மூன்று தொல்லைகள் தெரிந்தன. வலது மணிக்கட்டின் புறங்கைப் பக்கம் நாலு மாதமாக வலி. பெஞ்சில் படுத்துப் பளுவை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸிலும், தண்டாலிலும் கூடும். வலது கட்டை விரலின் பின்புறம் ஆறு வாரமாக மரத்துப்போகிறது. சட்டை உரசினால்கூட எரிச்சல். மூன்றாவது, கயிற்றில் கை நழுவுவது. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். எக்ஸ்-ரே எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒருவர் சொல்ல, சத்து மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டார். இதற்கிடையே வலிக்கு மருந்தாக இன்னும் தடிமனான ரிஸ்ட் ராப்பும், கை நழுவலுக்கு மருந்தாக எட்டு (8) வடிவ ஸ்ட்ராப்பும் ஆன்லைனில் வாங்கியிருந்தார். வலி கூடக்கூடக் கட்டையும் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

ராப்பும் ஸ்ட்ராப்பும்

இரண்டையுமே கையில் கட்டுவதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் பல ஜிம்களில் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

ரிஸ்ட் ராப் எலாஸ்டிக் கலந்த அகலமான பட்டை. ஒரு முனையில் கட்டை விரலுக்கு வளையம், மறுமுனையில் வெல்க்ரோ. பெஞ்ச் பிரஸ், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் மாதிரியான தள்ளும் பயிற்சிகளுக்கானது. பளு மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கப் பார்க்கும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. முழுக்கப் பின்னால் மடங்கிய நிலையில் எடை இறங்கினால் புறங்கைப் பக்கத்து மூட்டு உறை நசுங்கி வலிக்கும். ராப் அந்த மடங்கலைக் குறைக்கிறது.

ஸ்ட்ராப்பில் எலாஸ்டிக் கிடையாது. பருத்தி, நைலான் அல்லது தோல் பட்டைதான். டெட்லிஃப்ட், ரோயிங், ஷ்ரக்ஸ் மாதிரி இழுக்கும் பயிற்சிகளுக்கானது. மணிக்கட்டில் மாட்டி ராடைச் சுற்றிவிட்டால், விரல்கள் தாங்க வேண்டிய எடையில் பெரும்பங்கு மணிக்கட்டுக்குப் போய்விடும். இது மணிக்கட்டுக்குத் தாங்கல் எதுவும் தருவதில்லை; அதன்மேல் எடையைத் தொங்கத்தான் விடுகிறது.

போட்டி விதிகளைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு ரிஸ்ட் ராப்பை அனுமதிக்கிறது. நீளம் 1 மீட்டர், அகலம் 8 செ.மீ. தாண்டக்கூடாது; மூட்டின் நடுவிலிருந்து முழங்கைப் பக்கம் 10 செ.மீ., உள்ளங்கைப் பக்கம் 2 செ.மீ. வரைதான் மூடலாம், தூக்கும்போது வளையம் கட்டை விரலில் இருக்கக்கூடாது. ஸ்ட்ராப்புக்கு அங்கே இடமே இல்லை. ஒலிம்பிக் பளுதூக்குதலிலும் இல்லை. ஸ்ட்ராங்மேன் என்ற பலசாலிப் போட்டிகள் பக்கம் வந்தால், 2016-இல் எடி ஹால் டெட்லிஃப்ட்டில் தூக்கிய 500 கிலோவும், 2020-இல் ஹாப்தோர் பியோர்ன்சன் தூக்கிய 501 கிலோவும் ஸ்ட்ராப்போடு எடுத்தவைதான். அதில் எந்த ஏமாற்றும் கிடையாது. அங்கே சோதிப்பது முதுகு, இடுப்பு, கால். பவர்லிஃப்டிங்கில் கைப்பிடியும் அந்தச் சோதனையில் சேர்த்தி. நம்முடைய பையனுக்கு முன்னால் இருக்கும் சோதனையோ கயிறு. அதில் முதலில் தோற்பது விரல்கள்தான்.

பரிசோதனை

முதலில் தேடியது கெட்ட காரணங்களைத்தான். கட்டை விரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தி வலித்தால், மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஒன்றான ஸ்கேஃபாய்டை நினைக்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு அது. விரிசல் விட்டிருந்தால் முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலே போகலாம். கையூன்றி விழுந்த கதை இருந்து அந்தக் குழியில் வலியும் இருந்தால், முதல் எக்ஸ்-ரே சரியாக வந்திருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் திரும்ப அனுப்பிவிடுவேன். இவர் விழவும் இல்லை, குழியில் வலியும் இல்லை. சுண்டு விரல் பக்கத்துக் குருத்தெலும்பைச் சோதித்ததில் அங்கும் வலியோ சத்தமோ இல்லை.

அடுத்து ஒரு எளிய சோதனை. உள்ளங்கையைத் தரையில் பதித்துத் தண்டால் எடுக்கச் சொன்னேன். இரண்டாவதிலேயே முகம் சுளித்தார். முஷ்டியை மடக்கி அதன்மேல் ஊன்றி எடுக்கச் சொன்னேன்; பத்தும் வலியில்லாமல் போனது. எடை அதே எடைதான், மணிக்கட்டு நேராக நின்றது மட்டுமே மாற்றம். வலிக்குக் காரணம் மணிக்கட்டு இருக்கும் நிலை என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்படவில்லை.

மரத்துப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. மரத்துப்போகும் இடத்தைப் பேனாவால் அவரையே வரையச் சொன்னேன். கட்டை விரலின் பின்புறம், அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள புறங்கைச் சதை, அவ்வளவுதான் வரைந்தார். மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு அழுந்தினால் உள்ளங்கைப் பக்கம் மூன்று, மூன்றரை விரல் மரக்கும், ராத்திரியில் எழுப்பும். இவருக்கு உள்ளங்கை முழுக்க உணர்ச்சி சரியாக இருந்தது. கழுத்திலிருந்து வரும் நரம்பும் கட்டை விரலுக்கு வரும்தான். ஆனால் கழுத்தைச் சாய்த்து அழுத்தியும் கைக்கு எதுவும் பரவவில்லை. முன்கை ரிஃப்ளெக்ஸ் இரண்டு பக்கமும் சமம். முன்கையின் கட்டை விரல் ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஓரிடத்தில் தட்டியதும், "அங்கதான் சார், கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது" என்றார். அந்த இடத்தில் தோலில் மங்கலான சிவப்பு வரி ஒன்று கைக்காப்புப் போல வட்டமாக ஓடியது. முந்தைய நாள் ஜிம்முக்குப் போனபோது பதிந்தது.

கடைசியாகப் பிடி. பிடியின் பலத்தை அளக்கும் டைனமோமீட்டரில் வலது கை 39 கிலோ, இடது கை 38. இந்த வயது ஆணுக்கு 45-இலிருந்து 50 வரை எதிர்பார்க்கலாம். குறைவுதான், ஆனால் இரண்டு கையிலும் ஒரே அளவு குறைவு. வலது கை நரம்பு கெட்டிருந்தால் வலதுதான் பின்தங்க வேண்டும், இடது ஏன் குறைய வேண்டும்? கம்பியில் வெறுமனே தொங்கச் சொன்னால் 22 விநாடியில் கை விட்டது.

ஜிம்மில் பார்த்தது

இப்படிப்பட்டவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை நேரில் பார்க்காமல் நான் சிகிச்சை ஆரம்பிப்பதில்லை. வாயால் சொல்வதற்கும் கை செய்வதற்கும் நிறைய தூரம். ஜிம் மாஸ்டரும் நல்ல மனிதர், கூடவே நின்று பார்த்தார்.

வளையத்தைக் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து, ராப்பைச் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றும் முழங்கைப் பக்கமாகவே நகர்ந்து போனது. வெல்க்ரோவை ஒட்டி முடித்தபோது மணிக்கட்டின் மடிப்புக் கோடு முழுசாக வெளியில் தெரிந்தது. பட்டை முழுக்க முன்கையில்தான் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "மேல ஏத்திக் கட்டினா ராடு புடிக்க இடைஞ்சலா இருக்கு சார்." பெஞ்சில் படுத்து 80 கிலோவை இறக்கினார். ராடு விரல்களின் அடிப்பக்கமாக இருந்தது, மணிக்கட்டு நன்றாகப் பின்னால் மடங்கியிருந்தது, பட்டை அதைத் தடுக்கும் இடத்திலேயே இல்லை. செட் முடிந்து எழுந்து தண்ணீர் குடித்தார், போன் பார்த்தார், அடுத்த செட்டுக்குப் படுத்தார். பட்டையைத் தளர்த்தவே இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தது.

வலியும் மரத்துப்போவதும் இந்த ஒரே காட்சியில் விளங்கிவிட்டன. கட்டை விரலின் பின்புறத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகும் ஆரை நரம்பின் கிளை, முன்கையில் தசைக்கு அடியில் பத்திரமாக ஓடி, மணிக்கட்டின் கட்டை விரல் பக்க எலும்பு முனைக்கு 8–9 செ.மீ. முன்னால் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே தோலடிக்கு வருகிறது. அதற்குப் பிறகு அதன்மேல் தோலைத் தவிரக் காப்பு ஒன்றும் இல்லை. இறுக்கமான வாட்ச், வளையல், கைவிலங்கு எல்லாம் அந்த நரம்பை நசுக்கியிருக்கின்றன. 1932-இல் வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே இந்தத் தொல்லை வழங்குகிறது. உணர்ச்சிக்கு மட்டுமான நரம்பு என்பதால் பலம் குறையாது. ஆக, தவறான இடத்தில் கட்டிய ஒரே பட்டை, காக்க வேண்டிய மூட்டைக் காக்காமல், தொடக்கூடாத நரம்பை நசுக்கியிருக்கிறது.

பிறகு டெட்லிஃப்ட். 60 கிலோ வார்ம்-அப் செட்டுக்கே ஸ்ட்ராப் மாட்டினார். லாட் புல்டவுன், ரோயிங், ஷ்ரக்ஸ், புல்-அப்ஸ் எல்லாவற்றுக்கும் அதே கதை; ஏறக்குறைய இரண்டு வருடமாக இப்படித்தான். ஸ்ட்ராப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு உள்ளங்கையும் தன்னைப் பார்க்கும்படி ராடைப் பிடிக்கச் சொன்னேன். 100 கிலோ நின்றது. 105-இல் விரல்கள் திறந்துகொண்டன. அந்த ராடும் கொஞ்சம் மோசம்தான், 30 மி.மீ. இருக்கும், சொரசொரப்பு தேய்ந்து வழவழவென்று கிடந்தது. ஒலிம்பிக் ராடு 28 மி.மீ. ஆனாலும் 160-க்கும் 105-க்கும் நடுவிலுள்ள பள்ளத்தை ராடின் தலையில் கட்ட முடியாது.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 105 கிலோ என்றால் ஒரு கைக்கு ஏறக்குறைய 52. அவருடைய உடல் எடை 78. கயிற்றில் ஒரு கையை மேலே நகர்த்தும் நொடியில் இன்னொரு கை அந்த 78-இல் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். கால்களால் கயிற்றைப் பின்னிக்கொண்டால் சுமை குறையும் என்றாலும், முழுக்கக் காலை நம்பி ஏற முடியாது. "அப்ப நரம்பு இல்லையா சார்?" என்றார். இல்லை தம்பி, இரண்டு வருடமாக விரலுக்கு நீங்கள் வேலையே கொடுக்கவில்லை என்றேன். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மண்டியில் தினமும் கிரேட் (தக்காளிப் பெட்டி) தூக்குகிறவருக்குப் பிடி எப்படிக் குறையும் என்ற கேள்வி நியாயமானது. மாஸ்டரும் அதைத்தான் கேட்டார். தக்காளி கிரேட் 25 கிலோ சுமார். இரண்டு கையில், சில விநாடிகள். விரல்கள் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டினால் போதும், மீதியை உள்ளங்கையும் நெஞ்சும் ஏற்றுக்கொள்ளும். முழு உடம்பும் தொங்குவதற்கு அது பயிற்சி ஆகாது. அதே நேரம் கிரேட்டை லாரிக்கு ஏற்றிவிடும்போது மணிக்கட்டு பின்னால் மடங்குகிறது. புறங்கை வலிக்கு அது தீனி போட்டிருக்கும்.

செய்தது

ராப்பை உடனே நிறுத்தச் சொன்னேன். வாட்ச்சையும் இடது கைக்கு மாற்றச் சொன்னேன். நரம்புக்கு வேறு வைத்தியம் எதுவும் செய்யவில்லை, நசுக்குவதை நிறுத்தியது மட்டும்தான்.

பெஞ்ச் பிரஸை 80-இலிருந்து 50-க்கு இறக்கினோம். ராடை விரலடியில் வைக்காமல் உள்ளங்கையின் அடிமேட்டில், முன்கை எலும்புகளுக்கு நேர் மேலே உட்கார வைக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். "அம்மா களி கிண்டும்போது துடுப்பை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாருங்க. மணிக்கட்டு மடங்காது, தோள்லருந்து நேரா பலம் இறங்கும்" என்றேன். அடுத்த செட்டிலேயே ராடு சரியான இடத்தில் உட்கார்ந்தது. தண்டால் எல்லாம் முஷ்டியில். கிரேட் ஏற்றும்போது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தள்ளாமல், பக்கவாட்டில் பிடித்து மணிக்கட்டை நேராக வைத்து ஏற்றப் பழக்கினோம்.

பிடிக்கான பயிற்சியில்தான் பெரிய விவாதம் வந்தது. 160 போடுகிற ஆளை 100-க்கு இறங்கச் சொன்னால் மனசு ஒப்பாது. "பசங்க முன்னாடி எப்படி சார்?" என்றார். அந்தக் கூச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஸ்ட்ராப்பை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் முதுகும் காலும் சேர்த்த பலமும் இறங்கிவிடும், அதுவும் நஷ்டம்தான். ஆகவே வெறும் கையில் எவ்வளவு நிற்கிறதோ அதுவரை எல்லா செட்டும் வெறும் கை. அதைத் தாண்டும் கடைசி இரண்டு செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப். ஸ்ட்ராப் கண்டுபிடித்ததே இதற்குத்தான்: விரல் களைத்த பிறகும் முதுகுக்கு வேலை மிச்சம் இருக்கும்போது அதை முடித்துக்கொள்ள. புல்-அப்ஸுக்கும் புல்டவுனுக்கும் ஸ்ட்ராப் கிடையாது.

எட்டு வடிவ ஸ்ட்ராப்பை ஓரம் கட்டச் சொன்னேன். அதில் கை மாட்டிக்கொண்டால் சட்டென்று விட முடியாது. முதுகு பிடித்துக்கொள்ளும் நொடியில் ராடை விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. சாதாரண ஒற்றை வால் ஸ்ட்ராப் போதும்: வால் கட்டை விரலை ஒட்டி இறங்கி, ராடின் அடியில் போய், விரல்கள் மூடும் திசைக்கு எதிராகச் சுற்ற வேண்டும். பவர் கிளீன் மாதிரி ராடு தோளுக்குப் புரளும் பயிற்சிகளில் எந்த ஸ்ட்ராப்பும் வேண்டாம் என்றும் சொன்னேன். முழங்கை சுழலும்போது கை ராடோடு பூட்டிக்கொண்டால் மணிக்கட்டு முறியக்கூடும்.

ஒரு கை மேலாகவும் ஒரு கை அடியாகவும் பிடிக்கலாமா என்று கேட்டார். நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் அடியாகப் பிடிக்கும் கையில் பைசெப்ஸ் நாண் அறுந்த நிகழ்வுகள் உண்டு; கயிற்றுக்கும் அந்தப் பிடி உதவாது. வேண்டாம் என்றேன். கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் பூட்டும் ஹூக் கிரிப்பும், எரிச்சலில் இருக்கும் நரம்புக்கு அப்போதைக்கு ஆகாது.

தனிப் பிடிப் பயிற்சி வாரம் மூன்று நாள் மட்டும். கம்பியில் தொங்குவது, மணல் நிரப்பிய பெயிண்ட் பக்கெட்டை இரண்டு கையிலும் பிடித்து நடப்பது, கம்பியில் தடித்த துண்டைப் போட்டு அதில் தொங்குவது. கயிறு மாதிரிப் பிடி பழக இந்தத் துண்டுதான் முக்கியம், கம்பி கயிறு ஆகாது. தினமும் செய்கிறேன் என்று நின்றார். தசை சீக்கிரம் பலப்படும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். காலையில் மண்டி வேலையும் இருக்கிறது. மூன்று நாளைத் தாண்ட விடவில்லை. கைவியர்வைக்கு மெக்னீசியம் கார்பனேட் சாக் பொடி. தரை அழுக்காகும் என்று முதலில் தயங்கிய மாஸ்டர், ஒரு மூலையில் டப்பா வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

12 வாரத்துக்குப் பிறகு

மரத்துப்போவது மூன்றாவது வாரத்தில் திட்டுத் திட்டாகக் குறைந்து, ஆறாவது வாரத்தில் நின்றது. புறங்கை வலி பெஞ்ச் பிரஸில் இல்லை. 75 கிலோவுக்குத் திரும்பியிருக்கிறார். உள்ளங்கையைத் தரையில் பதித்துத் தண்டால் எடுத்தால் லேசான இழுப்பு இன்னும் இருக்கிறது. இந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு மண்டிக்கும் போக வேண்டும்: நடுவில் தக்காளி வரத்துக் குறைந்து லோடு வேலை பாதியாகிவிட்டது. ராடைச் சரியாக வைத்ததால் மட்டுமே வலி போனது என்று நான் எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

பிடிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. டைனமோமீட்டரில் வலது 47, இடது 46. தொங்கல் 58 விநாடி. ஸ்ட்ராப் இல்லாமல் டெட்லிஃப்ட் 135 கிலோ. கயிற்றில் 5 மீட்டர் ஒவ்வொரு முறையும் ஏறுகிறார். 6 மீட்டர் சில நாள் வருகிறது, சில நாள் கடைசி இரண்டு பிடியில் நழுவுகிறது. ஒரு கைக்கு 67 கிலோ பிடிக்கிறவர் 78 கிலோ உடம்போடு ஏறுகிறார் என்று பார்த்தால், அது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

ராப்பைத் திரும்பக் கொடுத்திருக்கிறேன், பெஞ்ச் பிரஸின் கடைசி இரண்டு கனமான செட்டுக்கு மட்டும். பட்டையின் நடு மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். செட் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். விரல் நுனி வெளுத்தாலோ சுருக்கென்று குத்தினாலோ அவிழ்த்துவிட வேண்டும். ஒற்றை வால் ஸ்ட்ராப், ருமேனியன் டெட்லிஃப்ட்டுக்கும் ஷ்ரக்ஸுக்கும் போகிறது. உடல்திறன் தேர்வு வரை கயிறு வாரம் இரண்டு நாள், துண்டுத் தொங்கல் ஒரு நாள். ஜிம்மில் வார்ம்-அப் செட்டுக்கு ஸ்ட்ராப் மாட்டுகிற பையன்களை இப்போது மாஸ்டரே நிறுத்திக் கழற்றச் சொல்கிறார்.